எஞ்சின் வீட்டுக்காரி

இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. பயம் என்று நினைக்க வேண்டாம். பெயர் போட்டு எழுதினால் அந்த ஆட்களைப் பெரிய மனுசர்கள் ஆக்கின மாதிரி ஆகிவிடும், அதற்கு எனக்கு மனசில்லை. ஏரியின் பெயரையும் சொல்லமாட்டேன். உடும்பஞ்சோலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைக் கம்பெனி கட்டின அணை, அதற்குப் பின்னால் தேங்கி நிற்கிற தண்ணீர். அவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கள் ஊரில் எனக்கும் பெயர் கிடையாது. எஞ்சின் வீட்டுக்காரி என்பார்கள். எங்கள் வீட்டில் எஞ்சின் எதுவும் இருந்ததில்லை. ஜங்ஷனில் தையல்கடை வைத்திருக்கிறேன், அந்த மெஷினுக்குக்கூட மோட்டார் இல்லை, காலால் மிதிப்பதுதான். பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புக்குள் நுழைந்தால் பின்பெஞ்சிலிருந்து ‘டுப்பு டுப்பு டுப்பு’ என்று படகுச் சத்தம் வரும். டீச்சரும் சிரிப்பாள். என் கடைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கிற பொம்பளைகள், தைத்து வாங்கும்போது என் கண் முன்னாலேயே பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார்கள். நான்கே பட்டன்தான். அதையும் எண்ணுவார்கள். என் வாய் இப்படி ஆனதற்கு நான் மட்டும் காரணமில்லை.

கதை இதுதான். பெரிய யுத்தம் நடந்தபோது, ஜப்பான்காரன் பிளேனில் வந்து அணையில் குண்டு போட்டுவிடுவான் என்று துரைமாருக்குப் பயம். கீழே கடற்கரையிலிருந்து இரண்டு காவல் படகுகளைத் துண்டு துண்டாகக் கழற்றி, லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்டி ஏரியில் இறக்கினார்கள். இரண்டும் எஞ்சின் வைத்த படகுகள். ஜப்பான்காரன் வரவில்லை. இந்த மலைக்குக் கூப்பிடாமல் வருவது மழையும் அட்டையும்தான். இருந்தாலும் யுத்தம் முடிகிறவரைக்கும் படகுகள் ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தன.

அதில் ஒரு படகுக்கு என் தாத்தா காவல். ஓட்டாத நேரத்தில் அதை ஒன்பதாம் நம்பர் மூக்கில் கட்டிப்போட்டிருப்பார்கள். எஸ்டேட்டில் ஒவ்வொரு துண்டு தேயிலைக் காட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்தக் காடு தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற முனைதான் மூக்கு. படகின் அடிப்பலகை ஒழுகுகிறது என்று தாத்தா மூன்று தடவை பெரிய கங்காணியிடம் சொல்லியிருக்கிறார். ஆட்களுக்கெல்லாம் மேலாள் பெரிய கங்காணி. எதுவானாலும் அவர் வழியாகத்தான் துரைக்குப் போகும். இது போகவில்லை. யுத்தம் முடியப்போகிற சமயத்தில், ஆடி மாதத்துக் கர்க்கடக மழை. விடிந்து பார்த்தால் படகு இல்லை.

முங்கிவிட்டது என்றார் தாத்தா. துரை பெரிய கங்காணியைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒழுகல் விஷயம் தன் காதுக்கு வந்தது என்று ஒப்புக்கொண்டால் தன் தலைப்பாகை போய்விடும் என்று அந்த ஆளுக்குத் தெரியும். அதனால், எஞ்சினைக் கழற்றி மலைக்குக் கீழே விற்றுவிட்டுப் படகைக் காவல்காரனே முக்கிவிட்டான் என்று சொன்னார். அவ்வளவு ஆழத்தில் இறங்கிப் பார்க்க அன்றைக்கு ஆள் ஏது? காலையில் ஆள் எண்ணுகிற மஸ்டரில் எல்லார் முன்னாலும், செக்ரோல் என்கிற வேலையாள் பதிவில் தாத்தாவின் பெயரை அடித்தார்கள். கம்பெனி கொடுத்த லயத்து வீட்டிலிருந்து சட்டி பானையைத் தூக்கி வெளியே வைத்தார்கள். எஸ்டேட் எல்லைக்கு வெளியே, ரோட்டோரச் சதுப்பில் தாத்தா குடிசை போட்டார். நாங்கள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறோம். குடிசை ஓட்டு வீடாகியிருக்கிறது, அவ்வளவுதான். தாத்தா செத்தபோது சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கவில்லை. சபைக்கும் அந்தக் கங்காணியே மூப்பர். வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் எஸ்டேட் வேலைக்குப் போனதில்லை. அவர்கள் கூப்பிடவில்லை, நாங்கள் கேட்கவில்லை. அப்பா ரோட்டு வேலை பார்த்தார், ஏலக்காட்டில் களை வெட்டினார். தேயிலைக்குள் எங்கள் கால் படவே இல்லை.

தாத்தா சாகிறவரைக்கும் ஒரே பேச்சு பேசினாராம்: “ஒம்பதாம் நம்பர் மூக்குலதான் கெடக்கு, எஞ்சினோட.” அப்பாவும் அதையே சொல்லிச் சொல்லி எண்பதைத் தாண்டிவிட்டார். இப்போது காலில் பலமில்லாமல் கட்டிலோடு கிடக்கிறார். போன வருஷம் நெஞ்சுவலி வந்து திணறினபோது நான் பாஸ்டரைக் கூப்பிடவா என்று கேட்டேன். “அவரு எதுக்கு? அந்த எஞ்சினக் கண்ணால பாத்துட்டாப் போதும்ட்டி, நான் போயிருவேன்” என்றார். வேறு எந்த ஆசையும் அவர் என்னிடம் சொன்னதில்லை. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் நான் திரும்பி வந்தபோதுகூட, ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காத மனுசன்.

மழை பொய்த்த ஒரு கோடையில் ஏரி நன்றாக வற்றிக் கிடந்தது. அப்போதுதான் கொச்சியிலிருந்து அந்தக் கூட்டம் வந்தது. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒருநாள் காலையில் ஒரு ஆள் பெரிய ரப்பர் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான். வார் பிய்ந்திருந்தது. கூடவே கண்ணாடி போட்ட தலைவர் ஒருவர். கனமான பை, இதில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன்.

“முங்குற சாமானுங்க அக்கா. காத்து சிலிண்டர்” என்றான் பை தூக்கினவன். மலையாளச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் ஆள், பேச்சிலேயே தெரிந்தது. “ஏரிக்குள்ள யுத்த காலத்துக் காவல் படகு முங்கிக் கெடக்குதாமுங்க. அதைத் தேடத்தான் வந்தோமுங்க.”

ஊசி என் விரலில் ஏறிவிட்டது. நான் கத்தவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு அந்தத் தலைவரை ஏற இறங்கப் பார்த்தேன். அவர் கையில் பழைய காகிதத்தின் நகல் இருந்தது. இரண்டு படகுகளில் ஒன்று திரும்பிப் போனதாகவும் மற்றது இல்லை என்றும் அதில் இருக்கிறதாம். எங்கே என்று இல்லையாம்.

“எங்கேன்னு எனக்குத் தெரியும்” என்றேன். “காட்டுறேன். ஆனா ஒங்க படகுல நானும் வருவேன். எஞ்சின் இருந்தா அதப் படம் பிடிச்சு எனக்குத் தரணும். சம்மதம்னா வாரத் தைக்கேன். இல்லைன்னா பையத் தூக்கிட்டு நடங்க.”

“சேச்சி ஆளு கொள்ளாமல்லோ” என்று, நீ சரியான ஆள்தான் என்கிற மாதிரி தலைவர் சிரித்தார். இரட்டை நூல் போட்டு வாரைத் தைத்துக் கொடுத்தேன்.

மறுநாளே ஒன்பதாம் நம்பர் மூக்குக்குப் போனோம். கிழக்குக் கரையில் ரோட்டுக்கு இறங்குமுகமாக இருக்கிற காடு. தகரப் பலகையில் மஞ்சள் பெயிண்ட் அடித்து 9 என்று எழுதியிருக்கும், பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும். அதன் பக்கத்திலேயே படகுத்துறை. சுற்றுலாக்காரர்கள் வருகிற இடம் என்பதால் எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். அங்கே சிமென்ட் பெஞ்சில் குடையை ஊன்றிக்கொண்டு தினமும் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். பெரிய கங்காணியின் மகன். அப்பாவைவிட இரண்டொரு வயது மூத்தவர், வாழ்நாளெல்லாம் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தவர். என்னைப் பார்த்து ஒருநாளும் முகம் கொடுத்ததில்லை. நானும் அவருக்கு வணக்கம் வைத்ததில்லை.

நான் படகில் ஏறுவதைப் பார்த்ததும் துறையில் சிரிப்பு கிளம்பியது. “பாட்டன் வித்தத பேத்தி தேடப் போறா” என்று எவனோ சொன்னான். “கெடச்சா எடைக்குப் போட்டுறாத” என்றான் இன்னொருவன். நான் திரும்பி, “ஒங்க வாயப் போட்டா அதவிடக் கூடுதல் எடை நிக்கும்லே” என்றேன். சித்தூர்க்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கு அவன் மேலும் எரிச்சல்தான். சும்மா இரு என்று அவனையும் ஒரு முறை முறைத்தேன்.

படகுக்கு அடியில் ஒரு கருவியைக் கட்டியிருந்தார்கள். அது சத்தத்தை அனுப்பி, அடியில் இருப்பதைத் திரையில் காட்டும். வயிற்றுப்பிள்ளைக்கு ஸ்கேன் எடுப்பது மாதிரி. முதல் நாள் முழுக்கச் சேறும் மரக்கட்டைகளும்தான் வந்தன. அணை கட்டினபோது தண்ணீரில் போன காட்டு மரங்கள். இரண்டாம் நாள் மத்தியானம் நீளமாக ஒன்று தெரிந்தது. இரு பக்கமும் கூம்பி, நடுவில் மேடாக. தலைவரே எழுந்து நின்றுவிட்டார். சித்தூர்க்காரன் முங்கினான். கரையில் கூட்டம் சேர்ந்தது. அவன் மேலே வந்து முகமூடியைக் கழற்றி என்னைப் பார்க்காமல் சொன்னான்: “ரெண்டு மரமுங்க. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கெடக்குதுங்க.”

கரையில் யாரோ ‘டுப்பு டுப்பு டுப்பு’ என்று ஆரம்பித்தார்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தின அதே சத்தம். நரைத்த தலைகள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்! வெட்கம் கெட்டவர்கள். பெஞ்சிலிருந்த கிழவர் சிரிக்கவில்லை. குடைப்பிடியில் தாடையை ஊன்றிக்கொண்டு ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாளும் ஒன்றுமில்லை. சாயங்காலம் தலைவர் மடிக்கணினியை மூடிவிட்டு, “சேச்சி, ஒன்பதில் ஒன்னும் இல்ல. நாளைக்குக் காலைல ஞங்கள் போகும். சேச்சியோட ஆள்கார் பறஞ்ச கதை சரியாணோன்னு சேச்சியே ஆலோசிக்கணும்” என்றார். உங்கள் ஆட்கள் சொன்னது பொய் என்று மரியாதையாகச் சொல்கிறார். மரியாதையாகச் சொன்னதால் திருப்பித் திட்டவும் முடியவில்லை. அந்தக் கோபத்தை அப்படியே அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக நான் வருகிற நேரத்துக்கு அப்படி உட்கார்ந்துவிடுவார். சுவரைப் பிடித்துக்கொண்டு அவராகவே எழுவார். “கெடச்சுதா?” என்றார்.

“என்ன மயிரு கெடைக்கும்?” என்றேன். அப்பாவிடம் அப்படிப் பேசுகிறவள் இல்லை நான். அன்றைக்குப் பேசினேன். “மூணு நாளா ஊரு சிரிக்க நின்னுட்டு வாரேன். இல்லாத எஞ்சின் எங்கிட்டுக் கெடைக்கும்? ஊரு சொன்னதுதான் நெசம். ஒங்கப்பா வித்துத் தின்னுட்டாரு. கள்ளன்! கள்ளன் சொன்ன கதைய நம்பி நீரும் கெட்டு, என்னையும் கெடுத்து…”

அந்தச் சொல் வெளியே வந்து விழுந்தது. நான் கஞ்சி ஊற்றி வைத்தேன், அப்பா தொடவில்லை. அப்புறம், என்னிடம் சொல்வது மாதிரி இல்லாமல் பேசினார்.

“ஆறு வயசு எனக்கு. எங்கம்மா பொறத்தால கஞ்சித் தூக்குச்சட்டியத் தூக்கிட்டுப் படகுக்குப் போவேன். காலம்பற வெயிலு நேரா மூஞ்சில அடிக்கும். கண்ணு கூசும், ஒண்ணும் தெரியாது. ‘ஒங்கப்பா கையக் காட்டுறாரு பாருலே’ன்னு எங்கம்மா சொல்லுவா. எனக்குத் தெரியாது. சும்மா நானும் கையக் காட்டுவேன். தெனமும் எனக்குக் கைகாட்டுன ஆளு…” நிறுத்திவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மறுநாள் காலையில், போகிறவர்களிடம் நான்கு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று துறைக்கு நடந்தேன். ரோட்டிலிருந்து ஒன்பதாம் நம்பருக்குள் இறங்குகிற பாதை. நல்ல வெயில். பிடரி சுட்டது. முந்தானையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். நாலடி போனதும் நின்றுவிட்டேன்.

பிடரி ஏன் சுடுகிறது?

காலை வெயில் முதுகில் அடிக்கிறது. இந்தப் பாதையில் தண்ணீரைப் பார்த்து நடந்தால் காலையில் யாருக்கும் முதுகில்தான் அடிக்கும். மூஞ்சியில் அடிக்கவே அடிக்காது. அப்பாவுக்குக் கண் கூசியிருக்கிறது என்றால் அவர் சூரியனைப் பார்த்து நடந்திருக்கிறார். அதற்கு மேற்குக் கரையில் அல்லவா நடந்திருக்க வேண்டும்? கெட்டுப்போன பழைய ஞாபகமாக இருக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கண் கூசினது எப்படி மறக்கும்?

அணை மேல் ஏறி அக்கரைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அங்கேயும் ஒரு மூக்கு உண்டு. தகரப் பலகையில் 23 என்று இருந்தது. பலகைக்குக் கீழே, தேயிலைச் செடி வேரோடு வேராகப் பாசி பிடித்த எல்லைக்கல் ஒன்று. நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். அதன் முனையால் பாசியைச் சுரண்டினேன். கல்லில் வெட்டின எழுத்து. முதலில் ஒரு வட்டம் வந்தது. அப்புறம் அதற்கொரு வால் வந்தது.

கொளுந்து பறிக்க வந்த ஒரு பொம்பளை கூடையை மாட்டிக்கொண்டே என்னை வேடிக்கை பார்த்தாள். என்னைவிட மூத்தவள். “அங்க என்னத்தச் சொரண்டுத? பழைய ஒம்பதுக் கல்லுல்லா அது” என்றாள்.

“பழைய ஒம்பதா?”

“ஆமா. கம்பெனி கைமாறுனப்போ எல்லாக் காட்டுக்கும் நம்பர மாத்துனாகள்ல? இப்ப இது இருவத்திமூணு. எங்களுக்கு வாயில பழசுதான் வரும். ஒனக்குத் தெரியாதா?”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

அவள் யோசிக்கவே இல்லை. “செக்ரோல்ல பேரு இருந்த எல்லாருக்கும் தெரியும்” என்றாள்.

ஐம்பது வருஷம் இதே ஊரில் இருந்துகொண்டு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. காட்டு நம்பர் வேலைக்குப் போகிறவர்களின் பேச்சு. அடுத்த வீட்டு அடுப்படியில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? எங்களை வெளியே தள்ளினார்கள், வெளியிலேயே இருந்தோம். தாத்தா சொன்ன நம்பரை எண்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். ஆறு வயதில் பார்த்த கரையை அப்பாவும் மறந்து, பலகையில் இருந்த ஒன்பதையே நம்பிவிட்டார். வெளியே நம்பர் மாறிப்போனதை எங்களிடம் சொல்ல ஒரு நாதியில்லை. நான் ஒன்பது ஒன்பது என்று மூன்று நாளாகத் தொண்டை கிழியக் கத்தினேன். துறையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவன் வாய் திறக்கவில்லை.

துறைக்குத் திரும்பி வந்தபோது அந்தக் கூட்டம் ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது. நான் நேராகப் பெஞ்சுக்குப் போனேன்.

“பழைய ஒம்பது அக்கரைலன்னு ஒமக்குத் தெரியுமா, தெரியாதா?”

கங்காணி மகன் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “தெரியும்” என்றார்.

“மூணு நாளா ஒக்காந்து பாத்தீரே! ஒரு வார்த்த சொன்னா ஒம்ம நாக்கு அழுகிருமா?”

“யாரு கேட்டா? நீ எங்கிட்ட வந்து கேட்டியா?”

அந்தக் கேள்விதான் இன்றைக்கும் ஆத்திரம். அவர் சொன்னதில் பாதி நிஜம். அந்த ஆளிடம் போய் நிற்பதைவிட ஏரியில் குதிப்பேன் என்றுதான் இருந்தேன். ஆனால் கேட்காவிட்டால் சொல்லக்கூடாது என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? சபையில் முன்பெஞ்சில் உட்காருகிற ஆள் அவர்.

தலைவரிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். பெட்ரோல் தீர்ந்துவிட்டது, நேரமில்லை, இன்னொரு தடவை வருகிறோம் என்று ஆரம்பித்தார். இன்னொரு தடவை வருகிறவரைக்கும் என் அப்பா இருப்பாரா? அந்த ரப்பர் பையின் வாரைப் பிடித்து இழுத்துக் கத்தரியைத் தையலில் வைத்தேன்.

“இதத் தச்சவ நான். எனக்குப் பிரிக்கவும் தெரியும். ஒரு வாட்டி அக்கரைக்கு வரீகளா, சிலிண்டரத் தலையில சொமந்துட்டுக் கொச்சிக்குப் போறீகளா?”

தலைவர் முகம் சிவந்துவிட்டது. சித்தூர்க்காரன்தான் நடுவில் வந்தான். “சார், ஒரு தடவ பாத்துட்டே போயிரலாமுங்க. இல்லீன்னா இந்தக்கா நம்மளை உசுரோட அனுப்பாதுங்க.”

துறையில் இருந்த பாதிப் பேர் அணை வழியாக அக்கரைக்கு நடந்தே வந்துவிட்டார்கள். கங்காணி மகனும் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியாது. வராமல் இருக்க முடியவில்லை போல.

அதிக நேரம் ஆகவில்லை. மூக்கை ஒட்டி இரண்டாவது சுற்றிலேயே திரையில் ஒரு உருவம் வந்தது. முந்தாநாள் பார்த்த மாதிரியே நீளம், அதனால் தலைவர் எழுந்து நிற்கவில்லை. சித்தூர்க்காரன் முங்கினான். தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.

அவன் மேலே வந்தான். இந்தத் தடவை என்னைப் பார்த்தான்.

“இருக்குதுங்க அக்கா.”

“எஞ்சினு?”

“எஞ்சினும் இருக்குதுங்க. நாலு போல்ட்டும் முறுக்குன மேனிக்கே இருக்குது, ஒரு ஆளும் தொடலீங்க. அடிப்பலகைதான் பொளந்து கெடக்குது. கட்டுன சங்கிலி வளையத்துலயே மாட்டியிருக்குதுங்க.”

நான் அழுவேன் என்று எதிர்பார்த்து அவன் என் கையைப் பிடித்தான். நான் அழவில்லை. படகில் எழுந்து நின்று கரையைப் பார்த்துக் கத்தினேன். “எஞ்சினு இருக்கு! கேக்குதா? எஞ்சினு இருக்கு! பலக பொளந்துதான் முங்கிச்சு! எவனாவது இப்ப டுப்பு டுப்புன்னு சொல்லுங்கலே பாப்போம்!” மலையில் பட்டு என் குரலே திரும்பி வந்தது. வேறு எந்தச் சத்தமும் வரவில்லை.

கரை இறங்கினதும் ஒருத்தி ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் ரவிக்கை தைக்கிறவள். “எங்களுக்கு அப்பவே தெரியும், ஒங்க தாத்தா தங்கமான ஆளுன்னு” என்றாள்.

“அப்பவே தெரிஞ்சவ எதுக்குட்டி பட்டன எண்ணுன?” என்றேன். கையை எடுத்துக்கொண்டாள்.

கங்காணி மகன் போகத் திரும்பினார். வழியை மறித்துக்கொண்டு நின்றேன். “ஒங்கப்பா சொன்னது பொய்யின்னு இங்கன வச்சுச் சொல்லிட்டுப் போம்.”

“அவுக போய் எத்தன வருசமாச்சு. செத்தவுகள எதுக்கு இழுக்க?”

“எங்க தாத்தாவும் செத்தவருதான். அவர விட்டுவச்சீகளா?”

அவர் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. என் பக்கமும் யாரும் வந்து நிற்கவில்லை. விடமாட்டேன் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் நடுவில் நின்று கேட்பேன். தாத்தாவைத் தோண்டி எடுத்துக் கல்லறைத் தோட்டத்தில், அந்தக் கங்காணிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்வேன்.

தண்ணீருக்கடியில் எடுத்த படத்தைச் சித்தூர்க்காரன் என் போனில் ஏற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்பா படுத்தபடியே கிடந்தார், அன்றைக்கு எழுந்து உட்காரவில்லை. நான் அவரைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்து, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தேன். பச்சைத் தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில் பறக்கிற சேறு. அப்புறம் எஞ்சின். அதன்மேல் சித்தூர்க்காரனின் கை தடவித் தடவிப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டியது. சங்கிலி வந்தபோது அப்பா, “நிறுத்து” என்றார். வெகுநேரம் அதையே பார்த்தார். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார்.

நான் ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தையெல்லாம் மளமளவென்று சொன்னேன். எவன் எவன் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆள் ஆளாகச் சொன்னேன். அப்பா போனை என் கையில் கொடுத்தார்.

“ஊர்க்காரன் சொன்னா சொல்லிட்டுப் போறான். எண்பது வருசமாக் கேட்டுக் காது மரத்துப்போச்சு” என்றார். “இந்த ஊட்டுக்குள்ள அந்தச் சொல்ல யாரும் சொன்னதில்ல. எங்கம்மா பட்டினி கெடந்தா, சொல்லல. ஒங்கம்மா எவ்வளவு அவமானப்பட்டா, சொல்லல. நேத்து நீ சொன்ன.”

“கோவத்துல வந்துருச்சுப்பா.”

“ஊர்க்காரனும் சும்மாவா சொன்னான்? அவனுக்கும் ஏதோ ஒண்ணுலதான் வந்துச்சு.”

“மன்னிச்சிருங்கப்பா” என்றேன். வாழ்க்கையில் எத்தனை தடவை இதைச் சொல்லியிருப்பேன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

“எங்கிட்ட எதுக்குக் கேக்க? என்னையா சொன்ன?” என்று கேட்டுவிட்டு, அப்பா பின்வாசல் கதவைப் பார்த்தார்.

கொய்யா மரத்தடியில் தாத்தாவின் தலைமாட்டுக்கு ஒரு வெறும் கல்தான். அங்கே போய் நின்றேன். செய்தி பரவி, ரோட்டில் ஐந்தாறு பேர் எங்கள் வீட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஏரிக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கிற குரல் எனக்கு. அது எங்கே போனதோ தெரியவில்லை. “தாத்தா, நீங்க கள்ளன் இல்ல. நான்தான் வாய்தவறிச் சொல்லிட்டேன்” என்று முணுமுணுத்தேன்.

“கேக்கல” என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

இன்னும் சத்தமாகச் சொன்னேன். “வாய்தவறி இல்ல, தெரிஞ்சேதான் சொன்னேன். நீங்க கள்ளன் இல்ல தாத்தா, என்னைய மன்னிச்சிருங்க!” ரோட்டில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பி என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று மூன்றாவது தடவையும் சொன்னேன்.